ஹாரனில் வைத்த கை

கனடாவின் வடக்கில் நான் இருக்கும் ஊரில், காட்டுக்குள் தனியாக நடக்கிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டே நடப்பார்கள். பாட்டு, கைதட்டல், தனக்குத்தானே பேச்சு. வந்த புதிதில், குளிர் மூளைக்கு ஏறிவிடும்போல என்று பயந்தே போனேன். எல்லாம் கரடிக்காகவாம். ஆள் வருவது தெரிந்தால் அது ஒதுங்கிப் போய்விடும். தெரியாமல் கிட்டத்தில் போய் நின்றால்தான் ஆபத்து. மூணாறு எஸ்டேட் லயத்தில், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு இதைவிடத் தலைகீழான பாடம் வேறு இருக்க முடியுமா?

எங்கள் மலையில் வளைவு திரும்பும் இடத்தில் யானை நின்றால் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஹாரன் கூடாது, பேச்சு கூடாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம்தான் எங்களுடையது. ஆனாலும் யானையைக் கண்டால், "போயிருங்க சாமி, பிள்ளகுட்டிக்காரங்க" என்று உதட்டுக்குள் முனகிவிட்டு மூச்சடக்கி உட்கார்ந்திருப்போம். அதுவாகப் போகும்வரை ஜீப்பும் நகராது, பால்காரரும் நகரமாட்டார். என் அண்ணன் அந்தோணிக்கும் இது தெரியும். ஆனாலும் ஒருநாள் அம்மாவை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தையிலிருந்து வரும்போது, மூடுபனிக்குள் யானைக்கு வெகு அருகில் போய்விட்டு, பதறி ஹாரனை அழுத்திவிட்டான். அம்மா தேயிலைச் செடிக்குள் விழுந்து தப்பித்தாள். அவன் தப்பவில்லை. "ஹாரன் அடிச்சிட்டான்" என்பதற்குமேல் அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அப்புறமும் உனக்கு எதற்கு பைக் என்று கேட்பீர்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

போன கோடையில், வடக்கே ஆர்க்டிக் கடல்வரை போகும் சரளைச் சாலையில் பைக்கில் தனியாகக் கிளம்பினேன். கடைசி பெட்ரோல் பங்கில் இருந்த அம்மையார், இறங்கும் இடமெல்லாம் சத்தம் போடச் சொன்னார். உங்கள் ஊரில் கரடி உண்டா என்று கேட்டார். யானை உண்டு என்றேன். "ஓ, ஹவ் லவ்லி!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது. லவ்லியாம்!

அதன்பிறகு மனித வாடையே இல்லை. முந்தைய ஆண்டு எரிந்துபோன காடு இரண்டு பக்கமும் கறுத்துக் குச்சி குச்சியாக நின்றது. எங்கோ இன்னும் எரிகிறதுபோல. வானம் பழுப்பேறிக் கிடந்தது. போனில் சிக்னல் செத்து வெகுநேரமாயிற்று. சரளை நழுவும்போதெல்லாம், இங்கே விழுந்தால் யார் வந்து தூக்குவார்கள் என்ற நினைப்பு வந்தது.

பின்னால் கட்டியிருந்த கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொள்ள வண்டியை நிறுத்தி இறங்கினேன். சத்தம் போட வேண்டும் என்பது நினைவில்தான் இருந்தது. ஆனால் காட்டில் வாயைத் திறப்பது என் உடம்புக்குப் பழக்கமில்லை. கேனைத் திரும்பக் கட்டி முடிக்கும்போது சாலையோரப் புதர் அசைந்தது. ஒரு கரடிக்குட்டி வெளியே வந்தது, பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் தாய். குனிந்து எதையோ மேய்ந்தபடி, என்னைப் பார்க்காமலேயே என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

பேசு, ஏதாவது பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கணத்தில் என்னால் முடிந்ததெல்லாம் மூச்சை அடக்குவது மட்டும்தான். கரடி இன்னும் நெருங்கியது. சாவியைத் திருப்பினேன். கட்டைவிரலை ஹாரன் பொத்தான்மேல் வைத்தேன். அழுத்தினால் சாவு என்றுதான் என் ரத்தம் முழுக்கச் சொன்னது. மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

விரலை எடுக்கவே முடியவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. எதிரே வந்த லாரியின் டிரைவர் இறங்கி வந்து, என் விரலை மெல்லப் பிரித்து எடுத்தார். கரடி எப்போதோ குட்டிகளோடு போய்விட்டிருந்தது. நான் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். "முதல் கரடியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தோளில் தட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இந்த வருடம் ஊருக்குப் போனேன். சித்தப்பா மகன் ஜீப் ஓட்டினான். நான் முன்னால், அம்மா பின்னால். வளைவில் யானை நின்றது. அவன் எஞ்சினை அணைத்தான். எல்லாரும் சிலையானார்கள். அப்போது என் கை, என்னைக் கேட்காமலேயே, அவன் பக்கம் நீண்டு ஹாரனை நோக்கிப் போனது.

பின்னாலிருந்து அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வயதிலும் அப்படியொரு பிடி. யானை தேயிலைக்குள் இறங்கி மறைந்தது. ஜீப் கிளம்பியும் அவள் விடவில்லை.

"அவன் கையும் இப்படித்தாம்லே போச்சு," என்றாள். "நடுவுல அரிசிச் சாக்கு. எனக்கு எட்டல."

அங்கே கரடியிடமிருந்து என்னைக் காப்பாற்றியது இந்தக் கைதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கையை அப்படியே அவளிடம் விட்டுவைத்தேன். லயம் வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டே வந்தாள்.