மழை வராது என்று சொன்ன அத்தான்

ஜாக்கெட்டின் கையைக் காதோரமாக வைத்துக் கசக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்ட அத்தானின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் குடியிருந்த லிவர்மோரிலிருந்து மலையைத் தாண்டி இறங்கினால் வரும் ஊரில், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வேண்டியதையெல்லாம் விற்கும் ஒரு பெரிய கடை. தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் அப்படித்தான் சோதித்தார். எதிர் வரிசையில் பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்களையே வேடிக்கை பார்த்தது. “துணி சரசரன்னு சத்தம் போட்டா மான் அந்தாக்ல ஓடிரும் பாப்பா. சூடு, வெயிட் எல்லாம் பொறவுதான். முதல்ல சத்தம் வரக்கூடாது,” என்றார். பிறகு ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு, கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். அந்தக் கடையின் நடுவில் நானும் உட்கார்ந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் சிப் வடிவமைக்கும் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரோடு சேர்ந்து வேட்டைக்குப் போகப் பழகி, முறையாகப் பயிற்சி வகுப்பில் தேறி லைசென்ஸும் வாங்கியிருந்தார். சனிக்கிழமை காட்டுக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை அயர்ன் பண்ணின சட்டையோடு சர்ச்சில் நிற்பார். அந்தக் கடைக்குப் போனதற்கு முந்தைய வருடம்தான், என் மணவாழ்க்கை முறிந்து, ஒரு பெட்டியோடு நான் அவர்கள் வீட்டில் போய் இறங்கினேன். அக்கா என்னைப் பேசவைக்கப் பார்த்தாள். தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். அத்தான் மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, “காட்டுக்கு வாரியா? அங்க யாரும் பேசக்கூடாது,” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே போனேன்.

துப்பாக்கி அவரிடம் மட்டும்தான் இருக்கும். என் கையில் பைனாகுலர். பாறையில் சாய்ந்தபடி எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் எதுவும் வராது. முந்தைய வருடத்துக் கசப்பெல்லாம் எனக்குள் மெதுவாக அடங்கியது அந்தச் சரிவுகளில்தான். வீடு திரும்பும்போது பசிக்கும். பசி என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன்.

முதல் வருடம் அக்காவின் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கல்லூரி நாளில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து என் வலது தோள் உடைந்திருந்தது. ஏற்றத்தில் நடக்கும்போது கோட்டின் கனம் அந்தத் தோளை இழுக்கும். வேர்த்துக் கொட்டும். உட்கார்ந்ததும் அந்த வேர்வையே குளிராக மாறும். நான் முறையிடவில்லை, ஆனால் நடக்கும்போது தோளைப் பிடித்துக்கொள்வதை அத்தான் கவனித்திருக்கிறார். அதனால்தான் மறு வருடம் அந்தக் கடைக்குப் போனோம்.

கடைசியில் இரண்டு ஜாக்கெட்டுகள் மிஞ்சின. ஒன்று செயற்கை இழை அடைத்தது. நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்கும், ஆனால் கனம். மற்றது வாத்தின் மெல்லிறகு அடைத்தது. கையில் எடுத்தால் எதையும் எடுத்த மாதிரியே இருக்காது, மடித்தால் ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் நனைந்தால் இறகு கட்டிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாது. இது கடைக்காரருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். என் தோளை ஒரு தடவை பார்த்துவிட்டு லேசானதையே எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். “இது என்ன, காத்துல செஞ்ச மாதிரி இருக்கு? மழை வந்தா?” என்றாள். “அக்டோபர்ல அந்தப் பக்கம் என்ன மழை? வராது,” என்றார் அத்தான். சமையலறையில் நின்றுகொண்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

நாங்கள் சியரா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் போனோம். விடிந்தபோது வானம் சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு பாறையருகே என்னை உட்காரவைத்துவிட்டு, மலைமுகட்டைச் சுற்றிப் பார்த்து வருவதாகச் சொன்னார். “ஒரு துளி விழுந்தாலும் உடனே வந்திருவேன். நீ இடத்தை விட்டு அசையாத. அசைஞ்சா நான் உன்னைத் தேடணும்.” சரி என்றேன். மதியத்துக்குப் பிறகு முகட்டின் பின்னாலிருந்து மேகம் இறங்கியது. முதலில் மழை, பிறகு ஆலங்கட்டியும் மழையும் கலந்து, பிறகு பனி. காற்று திசை மாறி என் முகத்தில் அடித்தது. பக்கத்திலிருந்த ஒரு குட்டை மரத்தடியில் ஒடுங்கினேன். ஜாக்கெட்டின் உள்ளே இறகெல்லாம் உருண்டை உருண்டையாகத் திரண்டு அடியில் போய்ச் சேர்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். தோளில் வெறும் ஈரத் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரம் நடுங்கினேன். அப்புறம் நடுக்கம் நின்றுவிட்டது. நல்லதுதான் என்று நினைத்தேன். அது நல்லதில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அத்தான் வந்ததும், தன் ஜாக்கெட்டைக் கழற்றி என்மேல் போட்டதும் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. என்னைப் பாதி சுமந்து, பாதி இழுத்து, வேறு வேட்டைக்காரர்களின் வண்டி வரைக்கும் கொண்டுசேர்த்திருக்கிறார். மேகத்தில் வழி தவறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொன்னார். அக்கா என் தலையைத் தடவிக்கொண்டே ஜெபம் பண்ணினாள். உயிர் பிழைத்தேன். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் நுனியில் கறுத்துப்போய், சில வாரங்கள் கழித்து அந்த நுனிகளை எடுக்கவேண்டி வந்தது.

என் விரல்கள் ஆறிய பிறகும் அத்தான் ஆறவில்லை. துப்பாக்கியை விற்றார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து என் காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைப்பார். என் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தருவார், ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து வைப்பார். எனக்கு அதெல்லாம் செய்ய முடியும். அவரைத் தடுக்கத்தான் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் என் இடது கை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிடுவார். பாதியில் எழுந்துவிடுவார். முன்பு என்னைக் கேலி பண்ணுவார், கார் ஓட்டும் விதத்துக்குத் திட்டுவார். அது சுத்தமாக நின்றுபோனது. “உங்க தப்பு இல்ல அத்தான்” என்று நான் எத்தனையோ விதமாகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். “நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லுட்டி, நீ சொன்னாத்தான் கேப்பாரு,” என்பாள் அக்கா. அழுத்தியும் சொன்னேன்.

கொஞ்ச நாளில் அவர் இருக்கும்போது நான் இடது கையை ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். எனக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்த மனிதருக்கு என் கையே தண்டனையாகிவிட்டது. அவர் வீட்டில் நான் நடமாடுவதே அவரை வதைப்பதுபோலத் தோன்றியது. நியூ ஜெர்சியில், எடிசனில் வேலை கிடைத்ததும், சம்பளத்தைக்கூடச் சரியாக விசாரிக்காமல் ஒத்துக்கொண்டு கிளம்பினேன். விமான நிலையத்தில் அத்தான் என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் போவதில் அவருக்குத் துக்கமும் இருந்தது, ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. எனக்கும் அப்படித்தான். அதை அவர் பார்த்துவிடக்கூடாது என்று வேகமாக உள்ளே போனேன்.

நியூ ஜெர்சியில் குடியேறி வெகுநாள் கழித்து நானும் பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கினேன். எடிசனிலிருந்து வடமேற்கே போனால் மான்கள் நிறைந்த காடு இருக்கிறது. ஆபீஸில் சிலர் ஆச்சரியப்பட்டார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அந்த மௌனம் எனக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். சென்ற வருடம் நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அக்கா, நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அத்தானிடம், “ஒரு ஜாக்கெட் எடுக்கணும், கூட வாங்க,” என்றேன். எதற்கு என்று கேட்காமல் வந்தார். கடை வாசலில் வேட்டைச் சாமான் என்ற போர்டைப் பார்த்ததும் காரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னால முடியாது பாப்பா.”

“நீங்க எதுவும் செலக்ட் பண்ண வேண்டாம். சும்மா நில்லுங்க, போதும்.”

உள்ளே வந்தார். நான் செயற்கை இழை அடைத்த, லேசான ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இப்போதெல்லாம் கனமில்லாமலேயே அதெல்லாம் வருகிறது. மேலே போட மெல்லிய மழைக்கோட்டு ஒன்றும் எடுத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்றுதான் கேட்டேன், வேறு எந்த எண்ணமும் இல்லை: “அன்னைக்கு எந்தப் பக்கமா வழி தவறிப்போனீங்க? நான் கேட்டதே இல்ல.”

அவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். “வழி தவறல,” என்றார்.

மழை தொடங்கியபோது அவர் திரும்பத்தான் கிளம்பியிருக்கிறார். அப்போது கீழே பள்ளத்தில் ஒரு பெரிய கலைமான் எழுந்து நின்றிருக்கிறது. அவர் அதுவரை பார்த்ததிலேயே பெரியது. ஐந்து நிமிஷம் என்று நினைத்துப் பின்னால் போயிருக்கிறார். அது நிற்கும், இவர் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் நகரும், மறுபடி நிற்கும். “பனி விழ ஆரம்பிச்சதும் எனக்குத் தெரியும் பாப்பா. நீ அசையாம உக்காந்திருப்பேன்னு தெரியும். அந்த ஜாக்கெட் தாங்காதுன்னும் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போனேன். கடைசியில அதைச் சுடக்கூட இல்ல.” 

அத்தனை வருடமாக அவர் மனசை அரித்தது ஜாக்கெட் இல்லை, அந்த மான். “உங்க தப்பு இல்ல” என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் வேறு அறைக்குப் போனது ஏன் என்று அந்த பெஞ்சருகே நின்றபோதுதான் புரிந்தது. என் பெருந்தன்மை அவர் வாயை அடைத்து வைத்திருக்கிறது. ஒரு தடவையாவது நான் கோபப்பட்டிருந்தால், என்ன நடந்தது என்று உலுக்கிக் கேட்டிருந்தால், அவர் எப்போதோ சொல்லியிருப்பார். அந்த நினைப்பு என்னைக் குத்தியது. கூடவே, அதற்குச் சமமாக, ஒரு கோபமும் எழுந்தது. அவர் பேச்சை நம்பி அந்த மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தவள் நான்.

வழக்கமான வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

“ஆமா அத்தான். அது தப்புதான்,” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார், நேராக, கண்ணை எடுக்காமல். அப்புறம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடைப் பையன் ஒருவன் வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டுத் தேற்றவேண்டும் என்று தோன்றியது. ஆனால் கை எழவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே அக்காவிடம் அவரே சொன்னார். நான் வேண்டாம் என்று தடுத்தேன். “இனி உள்ள வச்சிருக்க முடியாது,” என்றார். வாங்கிய புடவைகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடிப்பதை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு எழுந்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும்வரை அவரோடு பேசவில்லை. விமானத்தில் இருவரும் தனித்தனி வரிசையில் உட்கார்ந்துகொண்டதாகக் கேள்விப்பட்டபோது, எதற்கு அந்தக் கேள்வியைக் கேட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். ஒரு ஜாக்கெட் வாங்கப் போன இடத்தில் அவர்கள் வீட்டின் அமைதியைக் குலைத்துவிட்டேன்.

ஆனால் அத்தான் இப்போது எனக்குப் போன் பண்ணுகிறார். முன்பெல்லாம் அக்கா போனைக் கொடுத்தால்தான் பேசுவார். இப்போது அவராகவே கூப்பிட்டு, வாரக் கடைசியில் காட்டுக்குப் போகிறாயா, கூட யார் வருகிறார்கள், வானிலை பார்த்தாயா என்று விரட்டுகிறார். நான் சோம்பலாகப் பதில் சொன்னால், “விளையாட்டா உனக்கு?” என்று அதட்டுகிறார். ராத்திரி முழுசாகத் தூங்குகிறார் என்று அக்காதான் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரோடு பேச ஆரம்பித்திருந்தாள், உப்பு, சாவி, கரண்ட் பில் என்கிற அளவுக்கு.

போன வாரம் அக்கா நேரம் காலம் பார்க்காமல் கூப்பிட்டாள். நான் ஆபீஸ் வாசலில் நின்று பேசினேன். சுற்றிவளைத்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்: “ஏட்டி, உண்மையைச் சொல்லு. நீ எப்படி அவரை மன்னிச்ச? எனக்கு இன்னும் முடியலையே.”

“நானும் இன்னும் மன்னிக்கலக்கா,” என்றேன். “ஆனா இப்ப அவர் முன்னால கையை வெளிய வச்சுக்கிட்டு உக்கார முடியும்.”

 அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, அவரு வெளிய நிக்காரு. சாப்பிடக் கூப்பிடுதேன்,” என்று போனை வைத்தாள்.