செவுள் வெளுக்கிற பக்கம்

“உது கடலிலை திறக்குமோ, பிள்ளை?”

சித்தப்பா அப்படிக் கேட்டபோது, அவருடைய கைபேசி வாய் இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பைக்குள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்துப் பட்டம் பெற்றவள் நான். நெல்லியடியில் இணையத்தளங்கள் செய்யும் சிறிய நிறுவனமொன்றில் வேலை. எங்கள் ஊர்க் கடற்கரைத் துறையில் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர்களுக்காகக் காற்றைச் சொல்லும் பக்கம் ஒன்றை நானாகவே செய்து, எங்கள் அலுவலகம் எங்கோ தூரதேசத்தில் வைத்திருக்கும் சேவையகத்தில் ஏற்றியிருந்தேன். அது வானிலைத் தரவை அடிக்கடி எடுத்துத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். சித்தப்பாவைப் போல வாசிக்கத் தெரியாதவர்களுக்காக நிறமும் வைத்திருந்தேன்: போகலாம் என்றால் பச்சை, வேண்டாம் என்றால் சிவப்பு. அவரோ ஈரவிரலால் பைக்கு மேலாகவே அமத்தினார். பொத்தான் அசையவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வி. “கந்தோரிலை திறக்கும்,” என்று என் அலுவலகத்தைக் குத்தி அவரே பதிலும் சொல்ல, கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பொத்தான்களைப் பெருவிரல் அகலத்துக்குப் பெருப்பித்தேன். பாரமான படங்களை எடுத்தெறிந்தேன். ஒருமுறை திறந்தால் பக்கத்தின் பிரதி கைபேசியிலேயே தங்கி, சிக்னல் இல்லாத இடத்திலும் தெரியும்படி செய்தேன். “இப்ப திறக்கும்,” என்றேன். “அப்ப வா, பாப்பம்,” என்றார். எங்கள் ஊரில் பெண்களை வள்ளத்தில் ஏற்றும் வழக்கமில்லை. “குமர்ப்பிள்ளையை எங்கை கொண்டு போறியள்?” என்று அம்மா கரையில் நின்று கத்தினாள். “செய்தவள்தானே அண்ணி வரோணும்!” என்றபடி அவர் எஞ்சினை இழுத்தார்.

கரை ஒரு கோடாக மெலிந்தது. கைபேசியில் சிக்னல் ஒவ்வொரு கோடாக இறங்கி இல்லாமற் போனது. சுற்றிவரத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அவர் கழுத்திலிருந்து கழற்றித் தந்த பைக்கு மேலாகவே அமத்தினேன். திறந்தது. அலுவலகத் திரையில் எத்தனையோ தரம் பார்த்த பக்கம்தான்; ஆனாலும் எந்த வழியாலும் வந்திருக்க முடியாத இடத்தில் அது பச்சையாக ஒளிர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“வாசி,” என்றார்.

“இன்று கச்சான்,” என்றேன்; மேற்கிலிருந்து வரும் காற்று.

அவர் கன்னத்தைத் திருப்பிக் காற்றுக்குக் கொடுத்தார். வடக்கிலிருந்து வாடைக்காற்று மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது. “உன்ரை இண்டைக்கு எந்த நாளையது, பிள்ளை?”

முதல்நாள் பின்னேரம் திறந்த பக்கம் அது. நேற்றைய காற்றை வைத்துக்கொண்டு ‘இன்று’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. “நான் சிரிச்சிட்டுத் திரும்புவன்,” என்றார். “கரையிலை நிக்கிற பொடியள் பச்சையைப் பாத்திட்டு வள்ளத்தைத் தள்ளுவாங்கள்.” வள்ளத்தைத் திருப்பும்போது, தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: “மீன் பழசானா செவுள் வெளுக்குது. உன்ரை பக்கமும் வெளுத்தா என்ன?”

ஓரெழுத்தும் வாசிக்காத மனிதர் சொன்ன திருத்தம் அது. வீடு வந்ததும் ‘இன்று’ என்ற சொல்லைத் தூக்கினேன். அந்த இடத்தில், தரவு எடுத்த நாளும் நேரமும். நேரம் போகப் போகப் பச்சையோ சிவப்போ வெளுத்து, கடைசியில் வெறும் சாம்பலாகிவிடும். புதிதாக எடுத்தால்தான் நிறம் திரும்பும்.

இப்போது எங்கள் துறையில் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. வள்ளம் தள்ளுமுன் ஒருவர், “வெளுத்திட்டுதோ?” என்பார். “இல்லை, செவுள் சிவப்புத்தான்,” என்று மற்றவர் சிரிப்பார்; நிறம் பச்சையானாலும், பக்கம் புதிது என்று அர்த்தம். பக்கத்துத் துறைகளிலிருந்தும் கேட்கிறார்கள். என் பக்கம் அலுவலகச் சேவையகத்தின் மூலையில் இனி ஒண்டிக்கொண்டிருக்க முடியாது. சித்தப்பாவின் கழுத்தில் இன்றும் அதே மாதிரிப் பைதான். அதற்குள் இருக்கும் பக்கத்துக்குத்தான் சொந்தமாக ஒரு விலாசம் இல்லாமலிருந்தது. நேற்றுத் தனிச் சேவையகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பெயரையும் பதிந்துவிட்டேன். தமிழிலேயே, இடைவெளியில்லாமல்: கடலிலைதிறக்கும்.