மூன்றாவது பொட்டலம்

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அதிகமாகப் புழங்கிய சொல் நியாயம். யார் வாயைத் திறந்தாலும் அது வந்து விழும். அம்மா அடுப்படியில் சொல்வாள், சித்தி கொல்லையில் சொல்வாள், அப்பா செல்போனில் சொல்வார். சொல்லும்போது ஒவ்வொருவர் கண்ணும் வடக்கே தோட்டத்துப் பக்கம் போய்த் திரும்பும். அதனால் நியாயம் என்பது எங்கள் போர்செட்டுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு பொருள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா இறந்து வருடம் திரும்பியிருந்தது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர் விட்டுப்போன தோட்டத்தை அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொள்ள வேண்டும். அளவில் ஒரு சிக்கலும் இல்லை. சர்வேயர் வந்து நடுவில் கல் ஊன்றிவிட்டார். ஆனால் தண்ணீர் வடக்குப் பாதியில் மட்டும்தான் இருந்தது. தெற்கே இரண்டு முறை போர் போட்டும் புழுதிதான் கிளம்பியது. வடக்கில் மல்லியும் தென்னையும் பலாவும் நிற்கும். தெற்கில் மழையை நம்பிக் கடலை போடுவோம். வடக்கு யாருக்கு என்பதுதான் கேள்வி.

சித்தப்பா சிங்கப்பூரில் எட்டு வருடம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். வடக்கில் இருந்த போர்செட் அவர் அனுப்பிய பணத்தில் போட்டது. போட்டவனுக்குத்தான் போர் என்பது அவருடைய நியாயம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தம்பி வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் தோட்டத்தையும், படுக்கையில் விழுந்த தாத்தாவையும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவருக்குத்தான் வடக்கு என்பது அவருடைய நியாயம். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சரியாக இருக்கும். ஒரே நேரத்தில் கேட்டால் நான் கொல்லைப் பக்கம் ஓடிவிடுவேன்.

அப்பாவுக்கு நியாயம் பேசுவது புதிதில்லை. டிவியில் ஆற்றுத் தண்ணீரைப் பற்றி விவாதம் நடந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். "பங்கு கேக்குறது பிச்சை கேக்குறதா? மேல இருக்கிறவன் மனசு வச்சுத் திறந்து விடுற வரைக்கும் கீழ இருக்கிறவன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று டிவியிடம் கேட்பார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டுவார். ஆற்றுத் தண்ணீரில் இருவருக்கும் ஒரே கட்சி. விளம்பரம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்து போவார்கள்.

அம்மாவும் சித்தியும் பேச்சை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. "உப்பு இருக்கான்னு ஒங்க சித்தியக் கேளு" என்பாள் அம்மா. ஆறடி தள்ளி நிற்கிற சித்தியிடம் போய் நான் கேட்பேன். சித்தி எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து அம்மாவிடம் தருவேன். எனக்கு இருவரும் வேண்டும். தினமும் எனக்குத் தலை சீவிவிடுவது சித்திதான்.

கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவரும், புதுக்கோட்டையிலிருந்து தூரத்துச் சொந்தக்காரரான வக்கீல் ஒருவரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்குப் போனால் இந்தக் குழந்தைக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இழுக்கும் என்று வக்கீல் என்னைக் காட்டிச் சொன்னார். அப்படியானால் அய்யனார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் பெரியவர். எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வராத எதையும் அப்படித்தான் முடிப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், எது எதுவென்று தெரியாதபடி இலையில் சுற்றிக் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். குழந்தை எடுப்பது அப்பாவுக்கு என்றும், வெள்ளை வந்தால் வடக்கு, சிவப்பு வந்தால் தெற்கு என்றும் பேசினார்கள்.

எந்தக் குழந்தை என்ற பேச்சு வந்தபோது சித்தப்பாவே என்னைக் கைகாட்டினார். அவருடைய பையன்கள் இரண்டு பேரும் அப்போது கைக்குழந்தைகள். "பாப்பாவே எடுக்கட்டும். அது யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணாது" என்றார்.

அன்று கூடத்தில் இன்னொரு பேச்சும் நடந்தது. அத்தை எல்லாருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அன்னவாசல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே மாமாவுக்கு இருந்ததெல்லாம் வானம் பார்த்த நிலம்தான். வக்கீல் மோரைக் குடித்துவிட்டு, "சட்டப்படி பாத்தா பொண்ணுக்கும் சரிபங்கு உண்டு. அதனால தங்கச்சிகிட்ட பங்கு வேணாம்னு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டா எல்லாம் சுத்தமாயிரும்" என்றார்.

"அதெல்லாம் அவ போட்டுருவா. கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சுல்ல" என்றார் அப்பா.

"எங்க பக்கம் இந்த வருசமும் மழை இல்லண்ணே" என்றாள் அத்தை.

"ஒனக்கு என்னத்தா குறை. பொறந்த வீடு எங்கிட்டுப் போயிருது?" என்றார் அப்பா. சித்தப்பா தலையாட்டினார். மூன்று வாரத்தில் டிவி இல்லாமல் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அத்தை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விடுதலை என்பதைச் சுதந்திர தின விழாவில் மட்டும் கேட்டிருந்த நான், அத்தைக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பூக்கட்டிப் பார்ப்பதற்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று வைத்தார்கள். அதற்கு முன்னால் அம்மா என்னைக் குளிப்பாட்டும்போது காதோடு, "சாமியை நினைச்சு நல்லதா எடு" என்றாள். சித்தி தலை சீவும்போது, "எந்தப் பக்கமும் பாக்காம நியாயமா எடு பாப்பா" என்றாள். சீப்பு வழக்கத்தைவிட அழுத்தமாக இறங்கியது. பூ வைத்துவிட்டது அத்தை. கனகாம்பரச் சரம். "இதுக்கு வாசம்தான் கெடையாது, ரெண்டு நாளைக்கு வாடாது" என்று சொல்லிப் பின்னலைத் தூக்கி முன்னால் போட்டாள். அவள் மட்டும்தான் எப்படி எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளைக்கு நந்தியாவட்டை வைப்பதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்துக் கோயில் செடியை ஆடு மொட்டையடித்திருந்தது. வெள்ளையாக இருந்தால் போதும் என்று சித்தப்பா எங்கள் தோட்டத்திலிருந்தே விடியற்காலையில் பறித்த மல்லி மொட்டு ஒரு கை கொண்டுவந்தார். பூசாரி துண்டை விரித்து மறைத்துக்கொண்டு மல்லியை ஒரு வாழையிலையிலும் செவ்வரளியை ஒரு வாழையிலையிலும் சுற்றி நாரால் கட்டி, குலுக்கி, தட்டில் வைத்தார். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம்.

வக்கீல் ஏறி வந்த பஸ் நடுவழியில் நின்றுபோய் அவர் வந்து சேரப் பத்தரையாகிவிட்டது. பத்தரைக்கு ராகுகாலம் பிடித்தது. அது முடிந்ததும் சாப்பாட்டு வேளை. சாப்பிட்டு எழுந்தால் மூன்று மணிக்கு எமகண்டம். நாலரைக்கு மேல்தான் நல்ல நேரம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். நியாயம் கிடைப்பதற்கு அத்தனை கெட்ட நேரங்கள் குறுக்கே நின்றன. பொட்டலங்கள் பகல் முழுக்க அய்யனார் காலடியில் கிடந்தன.

நாங்கள் மல்லி போடுகிறவர்கள். மொட்டாகப் பறித்து வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவோம். அப்போது அதற்கு வாசம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அது மலர்ந்து மணப்பதெல்லாம் வாங்குகிறவர்கள் வீட்டில், சாயங்காலத்தில். அதனால்தானோ என்னவோ, காலையில் கட்டிய மொட்டு மாலையில் என்ன ஆகும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலே முக்காலுக்கு என்னைச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். பெரியவர்கள் நாலடி தள்ளி நின்றார்கள். தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எடுக்கச் சொன்னார் பூசாரி. குனிந்தேன். இடப்பக்கத்துப் பொட்டலத்திலிருந்து மல்லி வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது.

தெரியாமல் எடுக்கத்தான் என்னைக் கூட்டிவந்திருக்கிறார்கள். எனக்கோ தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு வெள்ளையை எடுத்தால் அது திருட்டு. தெரிந்துகொண்டு சிவப்பை எடுத்தால் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மூச்சை அடக்கிப் பார்த்தேன். நுழைந்த வாசம் வெளியே போகவில்லை. வாசம் வருகிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடியும் இன்னொரு நாள், மறுபடியும் உப்பு, மறுபடியும் மூன்று வாரம். "எடு பாப்பா" என்றார் சித்தப்பா, மிகவும் அன்பாக. கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாகப் போனது என்று சொல்லத்தான் இன்றைக்கும் எனக்கு ஆசை. கை தானாகப் போகவில்லை. இடப்பக்கம் போனது.

பூசாரி நாரை அவிழ்த்தார். மொட்டெல்லாம் மலர்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தி குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சித்தப்பா தட்டைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு, "சாமியே நியாயம் சொன்ன பிறகு பேச்சு என்ன இருக்கு" என்று சொல்லி என் தலையைத் தடவினார். அவர் என்னை அடித்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

மறுநாள் விடியலில் என் இடக்கண் திறக்கவில்லை. ஊரெல்லாம் கண்வலி பரவிக்கொண்டிருந்த நேரம்தான். ஆனால் பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எடுத்த பொட்டலம் இடப்பக்கம், சிவந்த கண்ணும் இடக்கண். இதற்கு மேல் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. அடுத்தது வலக்கண், அதற்கு அடுத்தது அப்பாவுக்கு ஏதாவது ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அத்தை திங்கட்கிழமை வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை காலை அவள் தோட்டத்தில் மொட்டு எடுக்கையில் நானும் போனேன். இந்த வழக்கில் எந்தப் பக்கமும் இல்லாத ஒரே ஆள் அவள்தான் என்று எனக்குப் பட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாசம் வந்தது, தெரிந்துதான் எடுத்தேன், நான் நியாயமாக எடுக்கவில்லை.

அத்தை மடியில் மொட்டைப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இத வெளிய சொல்லாத. மறுபடியும் வெட்டிக்கிட்டுச் சாவாங்க" என்றாள். இன்னும் நாலு மொட்டைக் கிள்ளிவிட்டு, "ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுத்தா. மூணாவதா ஒரு பொட்டலம் கட்டியிருந்தா அதுல என்ன பூ வச்சிருப்பாங்க?" என்றாள்.

"மூணாவது எதுக்கு அத்தை? ரெண்டு பேருதானே?"

"ஆமா, ரெண்டு பேருதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

அது எனக்கு விதித்த பரிகாரம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். சரியான பதிலைக் கண்டுபிடித்துவிட்டால் கண் தெளியும், பாவம் தீரும், சித்தி மறுபடி தலை சீவிவிடுவாள். இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை. செவ்வந்தி என்றால் மணக்கும். ரோஜாவுக்கு முள் இருக்கும், பொட்டலத்தைக் கிழித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சம்பங்கி வெள்ளை, மல்லியோடு குழம்பிப்போகும். வெள்ளையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் வாசமும் இல்லாமல் ஒரு பூ வேண்டும். ஞாயிறு ராத்திரி தூங்கப்போகும்போது பின்னலை அவிழ்த்தேன். விடை கையில் வந்து விழுந்தது.

திங்கட்கிழமை பத்திர ஆபீசுக்கு என்னையும் கூட்டிப்போனார் அப்பா. ராசியான கை என்று பேராகிவிட்டதாம். சித்தப்பா தூணோரம் தனியாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் கொண்டுவந்த தாள்களில் எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தார்கள். நான் போய் அவள் காதோரம் குனிந்தேன்.

"கனகாம்பரம் அத்தை."

"என்னத்தா?"

"மூணாவது பொட்டலத்துக்கு. கனகாம்பரம்தான் சரி. அதுக்கு வாசமே கெடையாதுல்ல, உள்ள இருக்கிறதே யாருக்கும் தெரியாது."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஆபீசில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. என் கண்வலி அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பயந்து நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

உள்ளே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாங்கள் எல்லாரும் போய் நின்றோம். கம்ப்யூட்டருக்கு முன்னால் அத்தையை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அதிகாரி தாளைப் புரட்டியபடியே, "முழுச் சம்மதத்தோட எழுதிக் கொடுக்கிறீங்களா? யாரும் வற்புறுத்தலையே?" என்று கேட்டார். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சித்தப்பாவும் அதே காலண்டரைப் பார்த்தார்.

"சம்மதந்தாங்க" என்றாள் அத்தை.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் அங்கிருந்தே அவளை அன்னவாசல் போக பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையை ஆட்டினாள். அன்று சாயங்காலமே என் கண் தெளிய ஆரம்பித்துவிட்டது. நான் சொன்ன பதில் சரியாக இருந்ததால்தான் சாமி மன்னித்துவிட்டது என்று நம்பினேன். அத்தனை பெரியவர்கள் இருந்தும் அத்தையின் கேள்விக்கு விடை தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்று ரொம்ப நாள் பெருமையாக இருந்தது.