பால் கவருக்குள் ஒரு குரல்

உப்புப் பாத்தியில் இறங்குவதற்கு முன் சின்னப்பாப்பா அக்கா போனைப் பால் கவரில் சுற்றுவாள். புடவைக்கு மேல் மாட்டியிருக்கும் ஆம்பளைச் சட்டையின் பையில் அதை வைப்பாள். இரண்டு காதிலும் ஹெட்போனைச் செருகுவாள். பிறகுதான் கூடையைத் தலையில் ஏற்றுவாள். மரக்காணம் உப்பளத்தில் அவளுக்குப் பக்கத்தில் நடந்து உப்பு சுமக்கிறவள் நான். அவள் போன் வாங்கியதிலிருந்து இந்தப் பழக்கம் மாறி நான் பார்த்ததில்லை.

கேட்பது பாட்டு இல்லை. ஒரு சாமியாரின் பேச்சு. "உள்ளே பார், உன்னைப் பார்" என்று மெதுவாகச் சொல்லுவார். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் பாதி புரியாது. அக்காவுக்குப் புரியும் என்று நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். "ஒருதரம் தன்னைத் தானே பாத்துட்டா போதுண்டி, கரையேறிடலாம்" என்பாள். வெள்ளிக்கிழமை விரதம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, எதையும் விடமாட்டாள்.

போன பங்குனியில் ஒரு நாள் காலை வீட்டிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் பேசி அனுப்பினாள். எழுதத் தெரியாததால் அவளுக்கு எல்லாமே பேச்சுதான். "இன்னைக்கு வடக்குப் பாத்தி, சீக்கிரம் வாங்க." அன்று வீட்டிலேயே போனைக் கவரில் சுற்றியிருந்தாள்; உப்பு காய்ந்த கவருக்குள் இருக்கும் போன் சொன்னபடி கேட்காது. அவள் முடித்த பிறகும் அது பதிவு செய்துகொண்டே இருந்து, சட்டைப் பையில் உரசித் தானாகவே குழுவுக்குப் போய்விட்டது. அக்காவுக்கு அது தெரியாது.

டீக்கு உட்கார்ந்தபோது எங்களோடு வேலை செய்கிற விஜயலட்சுமி தன் போனை நீட்டினாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, இதைக் கேளேன். யாருன்னு சொல்லு." நடுவிலிருந்து ஓடவிட்டாள்.

ஒரு பொம்பளை கத்தினாள். "உப்பளத்துக்காரி வீட்டுக்கு வந்து குழம்புக்கு உப்பு போடத் தெரியல! உங்கம்மா உன்னைப் பெத்தாளா, எங்கியாவது வாரிக்கிட்டு வந்தாளா? அழு, அழு, அது ஒண்ணுதான் உனக்கு வரும்!" ஒரு குழந்தை வீறிட்டது.

அக்கா முகத்தைச் சுளித்தாள். "ஐய, யாருடி இவ? இந்தப் பேயோட எவ குடித்தனம் பண்ணுவா?"

"நம்ம ஊருக்காரிதான்க்கா. ரொம்ப பக்தி."

விஜயலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். அப்போது அந்தக் குரல், "ஏ ஜெயப்ரியா, புள்ளையத் தூக்கு!" என்றது. ஜெயப்ரியா அக்காவின் மருமகள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "அழிச்சிடட்டுமாக்கா?" என்றாள் விஜயலட்சுமி.

"வேணாம். இன்னொரு தரம் போடு."

அன்று அக்கா வீடு திரும்பியபோது ஜெயப்ரியா இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனுமந்தையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவின் மகன் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுக்க அக்காவின் காதில் சாமியார் பேசவில்லை. தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் வந்த எனக்கும் அது கசிந்து கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை, "நீ வா, நீதான் வாயைத் தொறக்க மாட்டே" என்று என்னை அனுமந்தைக்குக் கூட்டிப்போனாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், சம்பந்தியம்மாள் முன்னால் போனை வைத்து அதை ஓடவிட்டாள்.

"போதும் அத்தை, நிறுத்துங்க" என்றாள் ஜெயப்ரியா.

"இரும்மா. வேற எவளோன்னு நெனச்சு நானே இந்தக் குரலைப் பேய்ன்னு சொன்னேன்."

சம்பந்தியம்மாள் கேட்டாள்: "சமாதானத்துக்கு வந்தீங்களா, மறுபடி சண்டைக்கு வந்தீங்களா?"

"இது நான்தான்னு சொல்ல வந்தேன்."

ஜெயப்ரியா விடவில்லை. "நாளைக்கும் கத்துவீங்களே?"

"கத்துவேன். ஐம்பது வருஷத்து வாய். ஆனா இனிமே என் காதுலயும் விழும்."

ஜெயப்ரியா எழுந்து குழந்தையின் துணிகளைப் பையில் வைத்தாள். "குழம்புக்கு உப்பு மட்டும் நீங்களே போட்டுக்குங்க" என்றாள்.

பஸ்ஸில் பேரப்பிள்ளை அக்கா மடியில் தூங்கியது. "கண்ணை மூடிக்கிட்டு எத்தனை நாள் உள்ள பாத்தேன், இருட்டாத்தான் இருந்துது" என்றாள் என்னிடம். "கடைசியில காது வழியா வந்துது."

இப்போது ஜெயப்ரியா மரக்காணத்தில்தான் இருக்கிறாள். குழம்புக்கு உப்பு போடுவது அக்கா. அவள் சத்தம் போடுவதும் உண்டு, பாதியில் நிறுத்திவிடுவதும் உண்டு. போனைப் பால் கவரில் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். சாமியார் பேச்சும் கேட்கிறாள், ஒரு காதில் மட்டும்.