வாய்க்குள் லைட் அடித்தவர்

யானைக்கால் நோய்க்காக மணமேல்குடியில் என் வீட்டுக்குத் தினமும் மாத்திரை கொண்டுவந்த நர்சம்மாவை எனக்குப் பிடிக்கவே இல்லை. சிரிப்பே இல்லாத முகம். நான் விழுங்கியதும் செல்போன் லைட்டை வாய்க்குள் அடித்து, நாக்குக்கு அடியில் மாத்திரை ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்.

முதல் மாத்திரைக்கே குளிர்க்காய்ச்சல் தூக்கிப்போட்டது. மறுநாள் வாசலிலேயே மறித்தேன்.

"ஒங்க மாத்திரை என்னையக் கொல்லுது. ராத்திரி பூரா நடுங்கிக் கெடந்தேன். இனிமே இங்கிட்டு வராதீங்க!"

"காய்ச்சல் வந்துச்சா?" முதல்முறையாகச் சிரித்தார். "நல்லதுங்க. உள்ள புழு சாவுது, அதான். ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும். இப்ப நிறுத்துனா கால் இன்னும் வீங்கும். ஆ காட்டுங்க."

திட்டிக்கொண்டேதான் விழுங்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

நான் நடுங்கியதைக் கேட்டுச் சிரித்தவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் தலைவலி மாத்திரையை விழுங்கினால்கூட, ஆளில்லாத வீட்டில் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது.