மின்மினியின் இடது கண்

மீன் ஏலச் சந்தையில் அவருக்கு மின்மினி என்று பெயர். ஆறு வருடமாக அவருடைய இடது கண் தானாகத் துடித்து மூடிக்கொள்ளும். கூடவே வாயோரமும் மேலே இழுக்கும். கேலி செய்கிறவன் செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். வம்பு வேறு இடத்தில் இருந்தது. அந்தச் சந்தையில் யாரும் வாய் திறந்து விலை கேட்பதில்லை. ஏலக்காரனைப் பார்த்து ஒரு கண்ணை மூடினால் கேட்டதாக அர்த்தம். மூன்று தரம் சொல்லிவிட்டால் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பிழைக்க மனுஷருக்கு வேறு இடமா கிடைக்கவில்லை!

நல்லவேளை, ஏலக்காரன் அவர் மனைவியின் தம்பி. "உங்க கண்ணை நான் கண்டுக்கவே மாட்டேன் மச்சான். வலது கையைத் தூக்குங்க, போதும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான். ஆறு வருடமும் சொன்ன சொல் தவறவில்லை. மின்மினி அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

போன மாதம், முகத் துடிப்பு உள்ளவர்களின் மூளையை ஆராய்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். பயத்தில் அவனையே துணைக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

"முகத்தை அசைக்கிற பகுதியில லேசா மாற்றம் தெரியுது. துடிச்சுத் துடிச்சு இப்படி ஆச்சா, இப்படி இருக்கறதாலதான் துடிக்குதான்னு எங்களுக்கே இன்னும் தெரியல. உங்க புத்திக்கு ஒரு குறையும் இல்ல."

வெளியே வந்ததும் மைத்துனனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மூளைன்னு காதுல விழுந்தாலே பைத்தியம்னு சொல்லிடுவாங்கடா. யார்கிட்டயும் சொல்லிடாத."

"என் வாயிலிருந்து வருமா மச்சான்?" என்றான் அவன்.

நேற்றுக் காலை ஒரு கூறு மீன் ஐஸ் உருகி, வாடை அடித்து, சீந்துவாரில்லாமல் கிடந்தது. ஏலக்காரனே பேராசைப்பட்டு இறக்கிய சரக்கு. மின்மினி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண் துடித்தது.

"ஒரு தரம்" என்றான் அவரைப் பார்த்து. விளையாடுகிறான் என்று நினைத்து மின்மினி சிரித்தார்.

"ரெண்டு தரம். மூணு தரம்! மின்மினிக்கு!"

"டேய், நான் கையைத் தூக்கவே இல்லையே!"

"கண்ணை மூடினீங்களே. எல்லாரும்தான் பார்த்தாங்க."

"அது தானா துடிக்குதுடா. உனக்குத் தெரியாதா?"

கூட்டம் ஏலக்காரனைப் பார்த்தது. அவன் கொஞ்சம் தயங்கினான். அந்தத் தயக்கத்தை மின்மினி நம்பினார். அவனோ கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவர் பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்க. மூளை சுருங்கிப்போச்சு. ஸ்கேன்ல நானே பார்த்தேன். விலை கேட்டது அவருக்கே மறந்துபோச்சு, பாவம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தினமும் தோளில் தட்டிப் பேசுகிற ஐஸ்காரர் ஓரடி தள்ளி நின்றார். மின்மினி மைத்துனனையே பார்த்தார். கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே!

"ஏண்டா, என் கண்ணு சொன்னதா நீ சொல்றது செல்லும். என் வாய் சொல்றது செல்லாதா?"

அவன் அடுத்த கூறுக்குப் போனான். கூட்டமும் அவன் பின்னால் நகர்ந்தது. மின்மினி இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஆறு வருடத்தில் அந்தச் சந்தைக்குள் அவர் கண்ணைப் பொத்தியது அதுதான் முதல் தடவை.