தெரியாத ஊசி

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் தாதியாக, இங்குள்ளவர்கள் அழைப்பதுபோல் 'மிஸ்ஸி'யாக, இருக்கிறேன். மருத்துவக் கழிவை எங்கே போடுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, ஊசி கெட்டியான மஞ்சள் பெட்டிக்கு. மாற்றிப் போட்டவர்களை வார்டு நடுவில் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். புதிதாக வந்த ஒரு தாதி அழுதேவிட்டாள். "அழு. ஊசிக் குத்து வாங்கறவளும் இப்படித்தான் அழுவா" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எனக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டில் காலி சோப்புப் போத்தல் ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனைக்கு எடுத்துப் போவேன். ஒருமுறை போத்தல் நிறைந்து ஒரு வாரமாகியும் எடுத்துப் போகவில்லை. வெறும் சோம்பல்தான். மூன்று ஊசிகளை டிஷ்யூவில் சுற்றிச் சமையலறைக் குப்பையோடு போட்டேன்.

மறுநாள் காலை எங்கள் மாடியைக் கூட்டும் அக்கா கதவைத் தட்டினார். இடது கையால் வலது கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"குப்பைய தூக்கறப்போ ஊசி குத்திருச்சி மிஸ்ஸி. எந்தப் பாவி போட்டான்னு தெரியல லா."

அவர் காலடியில் கிடந்தது, தீபாவளிக்கு நான் சேலை எடுத்த கடையின் ஊதாப் பை.

என் காரிலேயே எங்கள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இளம் டாக்டர், தமிழர், கேட்டார்: "யாரோட ஊசின்னு தெரியுமா? தெரிஞ்சா அவங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணிடலாம். ஒன்னுமில்லன்னா ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தே வேணாம்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"தெரியாது டாக்டர்" என்றேன். என் ரத்தத்தில் எதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்திருந்தால் அன்றே என் மானம் கப்பலேறியிருக்கும்.

நான்கு வாரம் மாத்திரை. அக்கா வாந்தி எடுத்துக்கொண்டே மாடியைத் துடைத்தார். "ஹெச்.ஐ.வி." என்ற சொல் காதில் விழுந்ததும் கணவர் அவருக்குத் தட்டையும் கப்பையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாராம், படுக்கை ஹாலில். "புள்ளைங்கள தொட விடமாட்டேங்கறாரு மிஸ்ஸி" என்று படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார். ஒருநாள் மாத்திரையைத் தவறவிட்டதற்காக நான் அவரைத் திட்டவும் செய்தேன். வார்டில் திட்டும் அதே குரல்.

ஆறு மாதம் கழித்து எடுத்த கடைசி ரத்தப் பரிசோதனையிலும் எதுவும் இல்லை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி, இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று. திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கூடப் பொறந்தவகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா. நீங்க நல்லா இருக்கணும். அந்த ஊசிய போட்டவன் கைகால் அழுகித்தான் சாவான்."

"ஆமாக்கா" என்றேன்.

இன்சுலின் போடும் நேரம் தாண்டியிருந்தது. அவர் இறங்கிப் படியேறி மறையும்வரை, ஊசி இருந்த கைப்பையை நான் திறக்கவில்லை.